வெள்ளைப் புள்ளியின் ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம்

ஸ்கேன் அறைக்கும் என் நாற்காலிக்கும் நடுவே ஒரு கண்ணாடி உண்டு. அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதே பதினெட்டு ஆண்டுகளாக என் பிழைப்பு. அறிக்கை எழுதுவது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை. நோயாளியைப் படுக்கவைத்து, தலைக்குக் காயில் என்ற கூண்டை மாட்டி, காதில் பஞ்சு வைத்து, அசையாமல் இருக்கும்படி கெஞ்சிக் கேட்டுப் படத்தை வாங்குவது என் வேலை. ஆனாலும் படம் திரையில் விழும்போது அதை முதலில் பார்க்கிற கண் என்னுடையது என்பதால், சில நோய்களின் முகம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அவற்றுள் ஒன்றான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

2018ல் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை வந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. வலது கண்ணில் ஒரு வாரமாக மங்கல். கண்ணைத் திருப்பினால் வலி. பலகையில் சிவப்புச் சாக்பீஸால் எழுதியதை இடது கண்ணால் பார்த்தால் சிவப்பாகவும், வலது கண்ணால் மட்டும் பார்த்தால் வெயிலில் வெளுத்த துணியின் நிறத்திலும் தெரிகிறது என்று, உலோகப் பொருள் ஏதும் உடம்பில் இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். சேதமான இடத்தை வெள்ளையாகக் காட்டும் ஃபிளேர் என்ற படவகையில், பக்கவாட்டுப் படம் திரைக்கு வந்தது. மூளையின் நடுவிலுள்ள நீர்க்குழியின் கூரையிலிருந்து மேல்நோக்கி, கையை விரித்து விரல்களை நீட்டியதுபோல் நான்கைந்து வெண்கீற்றுகள் நின்றன.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "அண்ணா, ஏதாச்சும் தெரியுதா?" என்றார்.

"டாக்டர் பார்த்துட்டுச் சொல்வார்மா" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. அன்று அதைச் சொல்வது கடினமாக இருந்தது.

அந்த விரல்களுக்குப் பெயர் உண்டு. 1916ல் எடின்பரோவில் ஜேம்ஸ் டாசன் என்ற மருத்துவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, நீர்க்குழியின் சுவரிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் சிறு சிரைகளைச் சுற்றியே சேதம் படர்ந்திருப்பதை விரிவாகப் பதிவு செய்தார். அவர் நினைவாக அவை டாசன் விரல்கள் எனப்படுகின்றன. எத்தனையோ முறை பார்த்த படம்தான் என்றாலும், அந்த வடிவத்துக்குள் நோயின் போக்கே எழுதியிருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. சேதம் சிரையை ஒட்டியே இருக்கிறது என்றால், சேதம் செய்கிறவை அந்தச் சிரை வழியாக வந்து இறங்கியிருக்கின்றன. இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களில் ஒரு பகுதி மூளைக்குள் நுழைந்திருக்கிறது. ஆக, நோயெதிர்ப்பு மண்டலத்தின் காலடித் தடத்தைத்தான் நாங்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். காலடியைப் பார்த்து ஆளை எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். தண்டுவடத்தைச் சொல்லி மூளையையும் கண் நரம்பையும் விட்டுவிடுகிற அந்தப் பெயரோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதால் எம்.எஸ். என்றே எழுதுகிறேன். 1868ல் பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மைலின் என்ற கொழுப்புறையை நம் நோயெதிர்ப்பு அணுக்களே தாக்குகின்றன. உறை போன இடத்தில் செய்தி தாமதிக்கிறது அல்லது நின்றுவிடுகிறது. நாளடைவில் இழையும் அறுகிறது. வெள்ளையர் நாடுகளின் நோய் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. மங்களூர் நகரில் நரம்பியல் மருத்துவர் லேகா பண்டிட் குழுவினர் செய்து 2014ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 8 பேர் என்ற விகிதம் கிடைத்தது. வட ஐரோப்பாவில் இது நூறைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் நம் மக்கள்தொகையில் லட்சத்துக்கு எட்டு என்பது சிறிய எண்ணிக்கை ஆகாது.

படத்தின் கதை 1981ல் தொடங்குகிறது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இயன் யங்கும் உடன் இருந்தவர்களும், எம்.எஸ். உள்ள 10 பேரை சி.டி. ஸ்கேனிலும் அப்போது புதிதாக வந்திருந்த காந்த அதிர்வுப் படத்திலும் (இன்றைய எம்.ஆர்.ஐ.) எடுத்துப் பார்த்தார்கள். சி.டி.யில் 19 திட்டுகள் தெரிந்தன. புதிய கருவி அந்த 19 திட்டுகளையும் காட்டி, அவற்றுக்கு மேல் 112 திட்டுகளைக் காட்டியது. ஒருவர் உணர்கிற ஒவ்வொரு தாக்குதலுக்கும், அவர் உணராமலேயே ஐந்து முதல் பத்துப் புதிய புள்ளிகள் மூளையில் தோன்றி மறைகின்றன என்பது அடுத்த பத்தாண்டுகளில் மாதாமாதம் படமெடுத்தபோது தெரியவந்தது. நோயாளி 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்கிற மாதங்களில்கூட நோய் ஓய்வெடுப்பதில்லை என்பதைச் சொன்னது படம்தான். நோயாளியின் வாயும் மருத்துவரின் சுத்தியலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

பிறகு கடோலினியம் வந்தது. நாங்கள் 'கான்ட்ராஸ்ட்' என்று சொல்லி முன்கையில் ஏற்றுகிற மருந்து. ஆரோக்கியமான மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் அதை உள்ளே விடாது. வெள்ளணுக்கள் சுவரை உடைத்து நுழைந்திருக்கும் இடத்தில் மட்டும் அது கசிந்து டி1 என்ற படவகையில் பளிச்சென்று ஒளிரும். சராசரியாக மூன்று வாரம் ஒளிர்ந்துவிட்டு அடங்கும். ஒரே படத்தில் ஒளிரும் புள்ளியும் ஒளிராத புள்ளியும் இருந்தால், ஒன்று புதியது, மற்றது பழையது என்று காலத்தையும் சேர்த்துப் படித்துவிடலாம். நோய் பல இடங்களில் இருக்க வேண்டும், பல காலங்களில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நோயை உறுதிசெய்வதற்கென்று 2001ல் வந்த மெக்டொனால்ட் வரையறைகள் படத்தைக் கொண்டே நிறைவேற்றிக்கொள்ள அனுமதித்தன. ஒரே நாளில் எடுத்த படமே போதும் என்று 2010ல் வந்த திருத்தம் ஏற்றதற்கு இதுவே அடிப்படை. பல முறை இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் அந்த உலோகத்தின் எச்சம் தங்குகிறது என்பதற்கான அடையாளத்தை 2014ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, வருடாந்தரப் படங்களுக்கு அதைத் தவிர்க்கப் பார்க்கிறோம். அதனால் பெரிய தீங்கு நிரூபணமாகவில்லை என்றாலும், தேவையில்லாத உலோகத்தை ஏன் ஏற்ற வேண்டும்?

கான்ட்ராஸ்ட் இல்லையென்றால் சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் புதிய புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் என் தொழிலின் மனக்குறை இருக்கிறது. நம் ஊரில் நோயாளி ஓர் ஆண்டு ஒரு சென்டரிலும், மறு ஆண்டு சலுகை கிடைக்கிற இன்னொரு சென்டரிலும் படம் எடுக்கிறார். ஓரிடத்தில் 5 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டியிருப்பார்கள். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வேறு. இன்னோரிடத்தில் தலையின் சாய்வு வேறாக இருக்கும். 4 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று அந்த இடைவெளிக்குள் விழுந்து காணாமல் போகும். அடுத்த ஆண்டு வெட்டின் நடுவில் அகப்பட்டுப் 'புதிய திட்டு' என்று அறிக்கையில் ஏறும். அந்த ஒற்றை வரியை நம்பி மருந்து மாற்றப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோயாளியின் இரண்டு ஆண்டுப் படங்களையும் பிறகு அருகருகே வைத்து, பழைய படத்தின் இரு வெட்டுகளுக்கு நடுவே அந்தப் புள்ளி ஒளிந்திருக்க இடமிருந்தது என்று எனக்குப் புரிந்தபோது, சொல்வதற்கு யாரும் இல்லை. 1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக முப்பரிமாணத்தில் எடுக்கும் ஃபிளேர் படமே வேண்டும் என்று 2021ல் வந்த பன்னாட்டுப் பரிந்துரை சொல்கிறது. அப்படி எடுத்தால் எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் பின்னால் வெட்டிக்கொள்ளலாம். ஆறேழு நிமிடம் பிடிக்கும். வெளியே இருபது பேர் காத்திருக்கும் நாளில் அந்த நிமிடங்களுக்காக நானே முணுமுணுத்திருக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

படம் இவ்வளவு சொல்கிறது என்றால், அதைப் பார்த்தே ஆளின் நிலையைச் சொல்லிவிட முடிய வேண்டும். முடியவில்லை. என்னிடம் வருகிற இருவரைச் சொல்கிறேன். ஒருவருக்கு நாற்பது புள்ளிகளுக்குக் குறையாது. அவரே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் பழைய படங்கள் அடங்கிய பையுமாகப் படியேறுகிறார். இன்னொருவருக்கு மூளையில் மூன்றே புள்ளிகள், கழுத்துத் தண்டுவடத்தில் ஒன்று. ஊன்றுகோல் இல்லாமல் மேசைவரை வர முடியாது. நெதர்லாந்தின் ரேடியாலஜிஸ்ட் ஃபிரெடெரிக் பார்க்கோஃப் இதை மருத்துவத்துக்கும் படத்துக்கும் இடையிலான முரண் என்றே பெயரிட்டு எழுதினார். காரணங்கள் பல. புள்ளி எங்கே விழுந்தது என்பது எத்தனை விழுந்தன என்பதைவிட முக்கியம். மூளையின் சாம்பல் நிற மேற்புறணியில் விழும் திட்டுகள் வழக்கமான படத்தில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் வெள்ளையாகத் தெரிவது 'இங்கே நீர் கூடியிருக்கிறது' என்ற செய்தி மட்டுமே. அங்கே இப்போதுதான் சண்டை நடக்கிறதா, பத்து ஆண்டுக்கு முன் ஆறிய தழும்பா, பாதி சீராகிய மைலினா என்று ஃபிளேர் பிரித்துச் சொல்லாது.

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் அறையின் குளிரைப் பற்றி எல்லோரும் என்னிடம் குறை சொல்வார்கள், எம்.எஸ். நோயாளிகள் மட்டும் அதை ரசிப்பார்கள். உடல் உழைப்பின்போது பார்வை மங்குவதை 1890ல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் பதிவு செய்தார். உடல் சூடாவதே அதற்குக் காரணம் என்பது பின்னரே தெரிந்தது. மைலின் தேய்ந்த இழையில் அரைப் பாகை வெப்பம் ஏறினாலே மின்செய்தி தடைப்படும், குளிர்ந்ததும் திரும்பும். சித்திரை மாதத்தில் பேருந்தில் நின்றுகொண்டு வந்தவர் 'நோய் மறுபடி வந்துவிட்டது' என்று பயந்து அவசரமாகப் படமெடுக்க வருகிறார். படத்தில் புதிதாக ஒன்றும் இருக்காது, இரத்தத்திலும் ஒன்றும் மாறியிருக்காது. பழைய தழும்பின்மேல் வெயில் பட்டிருக்கிறது, அவ்வளவே.

ஆசிரியைக்கு முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, நீர் மட்டும் நிறைந்த பைக்குள்தான் போகிறது. இதை அவருடைய அம்மாவிடம் ஓர் எலும்புக்கூட்டுப் படத்தை வைத்துக்கொண்டு நான் விளக்கிய பிறகே அவர் சம்மதித்தார்.

அந்த நீரில் எதைத் தேடுகிறார்கள்? 1942ல் அமெரிக்காவில் எல்வின் கபாட் என்ற நோயெதிர்ப்பியலாளர், மூளைத் தண்டுவட நீரிலுள்ள புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தபோது, எம்.எஸ். நோயாளிகள் பலரிடம் காமா குளோபுலின் கூடுதலாக இருப்பதைக் கண்டார். இன்று அதே யோசனை கூர்மையாகியிருக்கிறது. ஒரு மெல்லிய கூழ்த்தகட்டில் நோயாளியின் தண்டுவட நீரையும் அதே நாளில் எடுத்த இரத்தச் சீரத்தையும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஓட்டுவார்கள். ஒவ்வொரு எதிர்ப்பொருளும், அதாவது ஆன்டிபாடியும், தன் மின்னேற்றத்துக்கு ஏற்ற இடத்தில் நின்றுவிடும். ஆயிரக்கணக்கான அணுக்குடும்பங்கள் கலந்து சுரந்தால் தடம் முழுதும் மங்கலாகப் புகைபோல் தெரியும். ஒரு சில குடும்பங்கள் மட்டும் பெருகிச் சுரந்தால் ஏணிப்படிபோல் தனித்தனிக் கோடுகள் விழும். தண்டுவட நீரில் கோடுகள் இருந்து, பக்கத்துச் சீரத் தடத்தில் இல்லை என்றால், அந்த எதிர்ப்பொருள் இரத்தத்திலிருந்து வந்து சேர்ந்ததன்று. மூளைக்குள்ளேயே குடியேறிவிட்ட அணுக்கள் அங்கேயே சுரப்பது. ஒலிகோகுளோனல் கோடுகள் என்பவை இவையே. வட ஐரோப்பிய நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவை உண்டு. ஆசியாவில் அந்த விகிதம் குறைவு.

ஆசிரியையின் மாதிரி ஒரு பெரிய ஆய்வகத்துக்குப் போனது. தண்டுவட நீர்க் குப்பி போனது. இரத்தக் குப்பியைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று சீட்டு எழுதியவருக்கும் தோன்றவில்லை, வாங்கியவருக்கும் தோன்றவில்லை. ஒப்பிட இரண்டாவது தடம் இல்லாமல் வந்த அறிக்கை எதற்கும் உதவவில்லை. மறுபடியும் முதுகில் ஊசி. ஒரு குப்பி மறந்துபோனதற்கு ஒரு முதுகு இரண்டு முறை குத்துப்பட்டது. இரண்டாம் முறை ஆறு கோடுகள் வந்தன. சீரத்தில் ஒன்றும் இல்லை. 2017ல் திருத்தப்பட்ட வரையறைப்படி, இந்தக் கோடுகள் இருந்தாலே 'பல காலங்களில்' என்ற நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்பதால், இன்னொரு தாக்குதலுக்குக் காத்திராமல் அவருக்கு மருந்து தொடங்கினார்கள்.

கோடுகள் எதைக் குறிவைத்துச் சுரக்கப்பட்டவை என்பது எண்பது ஆண்டுக்குப் பிறகும் முழுதாக விளங்கவில்லை. இன்னொரு புதிரும் உண்டு. வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்களின் மேலிருக்கும் சி.டி.20 என்ற அடையாளத்தைக் குறிவைத்து அவற்றை அழிக்கும் ரிடுக்சிமாப் மருந்தை எம்.எஸ்.ஸில் சோதித்த முடிவு 2008ல் வந்தது. 104 பேர் கலந்துகொண்ட அந்தச் சோதனையில், ஒளிரும் புள்ளிகள் 91 சதவீதம் குறைந்தன. எதிர்ப்பொருளைச் சுரப்பவை பி செல் வழியில் பிறந்த பிளாஸ்மா செல்கள். அவற்றின் மேல் அந்த அடையாளம் இல்லை என்பதால் மருந்து அவற்றைத் தொடுவதில்லை. தண்டுவட நீரின் கோடுகள் பெரும்பாலும் அப்படியே நிற்க, படம் மட்டும் அமைதியாகிவிடுகிறது. ஆகவே எதிர்ப்பொருளைவிட, பி செல்கள் இன்னொரு வகை வெள்ளணுக்களான டி செல்களுக்குத் தகவல் கொடுத்துத் தூண்டிவிடும் வேலையே புதிய புள்ளிகளுக்குக் காரணம் என்று எண்ண வேண்டியதாயிற்று. படத்தையும், தண்டுவட நீரிலும் இரத்தத்திலும் கிடைக்கிற குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்காவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நம் நாட்டில் எம்.எஸ். நோயாளிகள் பலருக்கு இன்று கைக்கு எட்டுகிற மருந்தும் இந்த ரிடுக்சிமாப்தான் என்பது வேறு கதை.

நோயெதிர்ப்புக் குறியீட்டால் ஒரு தனி நோயே பிரிந்துபோனதும் நடந்திருக்கிறது. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் ஒரு வகையை 1894ல் பிரான்சின் லியோனில் டெவிக் விவரித்திருந்தார். ஆசியாவில் இது அதிகம் காணப்பட்டது, எம்.எஸ்.ஸின் ஆசிய வடிவம் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 2004ல் மேயோ கிளினிக்கில் வேண்டா லெனன் குழுவினர் இவர்களின் இரத்தத்தில் ஒரு தனி எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே அதன் இலக்கு, நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட் அணுக்களின் பாதங்களில் உள்ள அக்வபோரின்-4 என்ற, நீர் சென்றுவரும் வாயில் என்பது தெரிந்தது. இங்கே முதலில் சாவது ஆஸ்ட்ரோசைட். மைலின் பிறகே போகிறது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் இவர்களுக்கு நோயைக் கூட்டும். ஒரு சொட்டுச் சீரத்தின் விடை தவறினால் மருந்தே எதிரியாகிவிடும்.

படத்திலும் வேறுபாடு தெரியும் என்பது எங்களுக்கு ஆறுதல். தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு உயரத்துக்கும் மேலாக நீண்ட வெண்மை ஓடினால் நாங்களே நிமிர்ந்து உட்காருவோம். ஓயாத விக்கலுக்காக இரண்டு முறை வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப்பட்ட ஓர் அம்மாவுக்கு, முகுளத்தின் பின்புறத்தில் கடுகளவு வெண்மையை ஒருமுறை எடுத்தோம். அக்வபோரின் சோதனை பாசிட்டிவாக வந்தது. ஆனால் ஸ்டீராய்டு ஐந்து நாள் ஏற்றிய பிறகு இரத்தம் எடுத்து அனுப்பி, நெகட்டிவ் என்று வந்ததும் எம்.எஸ். என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது. ஸ்டீராய்டு எதிர்ப்பொருளின் அளவையும் தணிக்கும், கடோலினியம் ஒளிர்வதையும் அணைக்கும். முதலில் இரத்தம், பிறகு படம், அதன்பின் ஸ்டீராய்டு என்ற வரிசையை, பார்வை அபாயத்தில் இல்லாதவரை, காக்க வேண்டும்.

நியூரோஃபிலமென்ட் என்ற சொல் சில ஆண்டுகளாக அடிக்கடி காதில் விழுகிறது. இது நோயெதிர்ப்புப் பொருள் அன்று. நரம்பிழை அறும்போது உதிர்கிற அதன் உள்சட்டத்தின் துகள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சில பைகோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கியதில் சில பங்கு, எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. புதிய புள்ளிகள் ஒளிரும் வாரங்களில் இது ஏறும். மருந்து பிடித்தால் இறங்கும். வயதோடு தானாகவே ஏறும், உடல் பருமனானவர்களிடம் குறைத்துக் காட்டும், சர்க்கரை நோய் இருந்தாலும் மாறும் என்பதால் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பயப்படுவது வீண்.

இதே துகள் 2022ல் ஒரு பெரிய வழக்கில் சாட்சியானது. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் சேமித்த இரத்த மாதிரிகளை வைத்து, ஹார்வர்டு ஆய்வாளர்கள் எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடினார்கள். எம்.எஸ். வந்தவர்களில் மாதிரி இருந்த 801 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் நோய் தொடங்குமுன் அந்த வைரஸ் தொற்றியிருந்தது, தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. நோயின் தொடக்கத்திலேயே உடல் பலவீனப்பட்டதால்தான் வைரஸ் ஒட்டிக்கொண்டது என்று யாராவது வாதிடலாம் அல்லவா? நியூரோஃபிலமென்ட் அளவு வைரஸ் தொற்றிய பிறகே ஏறத் தொடங்கியது, முன்பு ஏறவில்லை. எது முந்தியது என்ற கேள்விக்கு இரத்தத்தில் கிடந்த நரம்புத் தூசி விடை சொல்லியது. பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் இந்த வைரஸைச் சுமந்துகொண்டு சுகமாக இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வைரஸ் இல்லாமல் நோய் வருவது அரிது, வைரஸ் மட்டுமே நோயைத் தருவதில்லை.

மறுபடியும் ஆசிரியைக்கு வருகிறேன். மருந்து தொடங்கியபின் ஆண்டுதோறும் வந்தார். ஆண்டுதோறும் அறிக்கை ஒன்றுபோல் வந்தது: புதிய திட்டு இல்லை, ஒளிரும் திட்டு இல்லை. ஆனால் கதவிலிருந்து மேசைவரையுள்ள பத்தடியை அவர் கடக்கும் விதத்தை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிறவனுக்கு, கூடவே இருக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும். இடது கால் கட்டைவிரல் தரையை உரசத் தொடங்கியிருந்தது.

வெள்ளணுக்கள் மூளைக்குள் இறங்குவதைத் தடுக்கும் நாட்டலிசுமாப் என்ற மருந்து, 2006ல் வெளியான சோதனையில் ஒளிரும் புள்ளிகளை 92 சதவீதம் குறைத்தது. அதே மருந்தை மெல்ல மெல்லத் தேய்ந்துவரும் நிலையில் உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது சோதனை தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களைத் தடுத்தாயிற்று. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்களை என்ன செய்வது? மூளையின் சொந்தக் காவலர்களான மைக்ரோகிளியா அணுக்கள் பழைய திட்டின் விளிம்பில் நின்றுகொண்டு ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கின்றன. குழாய்ச் சுவர் மூடியே இருப்பதால் கடோலினியம் கசியாது. ஃபிளேரில் அது சாதுவான ஒரு பழைய புள்ளி.

சிதைந்த அணுக்களிலிருந்து விழுங்கிய இரும்பு அந்த மைக்ரோகிளியாக்களுக்குள் தேங்குகிறது என்பதே நமக்குக் கிடைத்த துப்பு. இரும்பு காந்தப் புலத்தைச் சற்றே கலைக்கும். எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படவகை அந்தக் கலைப்பைப் பிடிக்கும். பக்கவாதம், தலைக்காயம் என்று வந்தால் இரத்தக் கசிவைத் தேட நாங்கள் அன்றாடம் எடுப்பதுதான் அது. அதில் சில திட்டுகளைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்த்தினா அப்சின்தாவும் உடனிருந்தவர்களும் 2019ல் வெளியிட்ட ஆய்வில், நான்கோ அதற்கு மேலோ இத்தகைய வளையங்கள் உள்ளவர்கள் இளம் வயதிலேயே நடை இழப்பையும் நினைவுத் தடுமாற்றத்தையும் அடைந்தது தெரிந்தது. அதே படத்தில் திட்டின் நடுவே ஓடும் சிரையும் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். டாசன் நுண்ணோக்கியில் பார்த்ததை உயிரோடு இருக்கும் ஆளிடமே பார்த்துவிடலாம். ஒற்றைத் தலைவலியாலும் இரத்த அழுத்தத்தாலும் வருகிற வெண்புள்ளிகளில் பெரும்பாலும் இந்த நடுச்சிரை இருக்காது. 2024ல் திருத்தி மறு ஆண்டு வெளியான மெக்டொனால்ட் வரையறையில் நடுச்சிரை, வளையம் இரண்டும் இடம்பெற்றுவிட்டன. நோய் இருக்கும் இடங்களின் கணக்கில் கண் நரம்பும் சேர்ந்தது. தண்டுவட நீரில் கோடுகளுக்குப் பதிலாக காப்பா இலகு சங்கிலி என்ற எதிர்ப்பொருள் துண்டை எண்ணாக அளந்தாலும் ஏற்கப்படும். எதிர்ப்பு அணுவின் இருப்பை ஊசியில்லாமல் படத்திலேயே பார்க்கிறோம் என்றால், படம் எது, குறியீடு எது என்ற பழைய பிரிவினை எங்கள் தளத்துக்கும் ஆய்வகத் தளத்துக்கும் இடையிலான மாடிப்படிகளில் மட்டுமே மிச்சமிருக்கிறது.

சென்ற ஆண்டு மே மாதம் ஆசிரியை வந்தபோது, சீட்டின் அடியில் எஸ்.டபிள்யூ.ஐ. சேர்க்கும்படி மருத்துவர் கையால் எழுதியிருந்தார். அதனோடு வரும் 'ஃபேஸ்' படத்தில் இரும்பு கறுப்பாகத் தெரிவதா வெள்ளையாகத் தெரிவதா என்பது கருவியைச் செய்த நிறுவனத்தைப் பொறுத்து மாறும். தலைகீழாகப் படித்தால் சுண்ணாம்பை இரும்பு என்று சொல்லிவிடுவோம். அதனால் முதலில் சிரைகளின் நிறத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். பிறகு வலது நீர்க்குழியை ஒட்டிய பழைய திட்டுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். ஏழு ஆண்டுகளாக நான் 'மாற்றமில்லை' என்று கடந்துபோன ஒரு திட்டின் ஓரத்தில், பென்சிலால் ஒரே இழுப்பில் சுற்றியதுபோல் வளையம் இருந்தது. இன்னும் கீழே மற்றொன்று. இரண்டுக்கும் அம்புக்குறி வைத்து ரேடியாலஜிஸ்ட்டின் திரைக்கு அனுப்பினேன்.

"இன்னைக்கு ரொம்ப நேரம் ஆச்சே அண்ணா" என்றார் வெளியே வந்து.

"ஒரு படம் கூடுதலா எடுக்கச் சொல்லியிருந்தாங்கம்மா. அஞ்சு நிமிஷம்."

"இருக்கட்டும், உள்ளே ஏசி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, வெளியே வெயில் தாழும்வரை எங்கள் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.